தொங்கவிடுறதுக்குப் பிள்ளை என்ன சட்டையா?

எங்கட ஊரில கரியர் எண்டால் கொஞ்சக் காலம் முந்திவரைக்கும் சைக்கிளுக்குப் பின்னால பூட்டுற இரும்புச் சட்டம்தான். இப்ப பிள்ளை காவுற பைக்கும் அதே பெயர். ஃபான்சிக் கடையில தொங்குது, ஃபேஸ்புக்கில விக்கினம், பிள்ளை பிறந்த வீட்டுக்குப் பரிசாயும் கொண்டு போகினம். பெட்டியில் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படம்: ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, முகம் வெளிப்பக்கம், இரண்டு காலும் கீழே தொங்க, வாய் நிறையச் சிரிப்பு.

வாங்கிறவர் கேட்கிற கேள்விகள் மூன்று. என்ன விலை? வேற நிறம் இருக்கா? எந்த நாட்டுச் சாமான்? விற்கிறவரின் பதில் ஒன்று: "இது நல்லா ஓடுது." பிள்ளைக்கு எத்தனை மாதம், எத்தனை கிலோ, கழுத்து நின்றிட்டுதா எண்டு ஒருவரும் கேட்பதில்லை. செருப்பு வாங்கேக்கக்கூட கால் அளவு கேட்கிற சனம் நாங்கள்.

இந்தப் பையைத் தெரிவு செய்வதில் முதலாவதாகப் பார்க்க வேண்டியது பிள்ளையின் மூச்சு. இரண்டாவது பிள்ளையின் இடுப்பு. மூன்றாவது காவுகிறவரின் முதுகு. நிறமும் பிராண்டும் அதுக்குப் பிறகு வரட்டும். எங்கட சந்தை இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. நாங்களும் கேள்வி கேட்காமல் காசு குடுக்கிறோம்.

மூச்சில் தொடங்குவோம். 2010 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்காவின் நுகர்வோர் உற்பத்திப் பாதுகாப்பு ஆணைக்குழு ஒரு எச்சரிக்கை விடுத்தது. தோளில் குறுக்காக மாட்டுகிற 'ஸ்லிங்' வகைப் பைகளோடு தொடர்புபட்டு முந்தைய 20 வருடங்களில் குறைந்தது 14 குழந்தைகள் இறந்திருந்தார்கள். அதில் 12 பேர் நாலு மாதம்கூட ஆகாதவர்கள். அதே மாதம் இன்ஃபான்டினோ நிறுவனத்தின் ஏறத்தாழ 10 இலட்சம் பைகள் திரும்பப் பெறப்பட்டன. அதுக்கு முந்தின வருடம் மட்டும் அந்த நிறுவனத்தின் பைகளில் மூன்று குழந்தைகள் இறந்திருந்தார்கள். இவை கள்ளச் சாமான்கள் இல்லை. பெரிய கடைகளில், நல்ல பெயரோடு விற்பனையானவை.

எப்படி நடந்தது? சின்னப் பிள்ளையின் தலை பாரம், கழுத்தில் பலமில்லை. ஆழமான பைக்குள் முதுகு வளைந்து கிடந்தால் தலை முன்னுக்குச் சரிந்து நாடி நெஞ்சில் முட்டும். மூச்சுக்குழாய் மென்மையானது. மடிந்த குழாயில் தண்ணி வராத மாதிரித்தான், காத்து போகாது. இல்லாவிட்டால் மூக்கும் வாயும் துணியிலோ தாயின் உடம்பிலோ அமுங்கும். அப்படி அமுங்கினால் ஒன்று இரண்டு நிமிடம் போதும் எண்டு அந்த ஆணைக்குழு சொன்னது. எல்லாத்தையும்விடக் கொடுமை, பிள்ளை அழாது. அழுவதற்குக் காத்து வேணுமே. காவுகிற தாய் "நல்ல நித்திரை" எண்டு நினைத்துக்கொண்டு நடப்பாள்.

எடை குறைந்து பிறந்த பிள்ளை, மாதம் முந்திப் பிறந்த பிள்ளை, தடிமன் பிடித்த பிள்ளை எண்டால் ஆபத்து இன்னும் கூட. அப்படியான பிள்ளையை எந்தப் பையில் வைக்கவும் முதல் டொக்டரிட்ட ஒரு வார்த்தை கேட்கத்தான் வேணும்.

அடுத்தது இடுப்பு. எங்கட அம்மம்மாக்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணத்தடிக்கும் போனார்கள், கோயிலுக்கும் போனார்கள். அந்தப் பிள்ளை இருந்த விதத்தை ஒருக்கா நினைத்துப் பாருங்கோ: இரண்டு காலும் அகண்டு, தாயின் இடுப்பைக் கவ்வினபடி, முழங்கால் குண்டிக்கு மேல. இடுப்பு மூட்டு விலகலைப் பற்றி வேலை செய்கிற சர்வதேச அமைப்பு இன்றைக்குப் படம் போட்டுச் சொல்வதும் இதைத்தான். தொடை இரண்டும் முழங்கால்வரைக்கும் தாங்கப்பட வேணும், கால்கள் ஆங்கில 'எம்' எழுத்துப் போல அகண்டு மடிய வேணும்.

காரணம் லேசானது. பிறந்த பிள்ளையின் இடுப்புக் குழியில் கனபங்கு குருத்தெலும்பு. தொடை எலும்பின் உருண்டை குழிக்குள் ஒழுங்காக இருந்தால் குழியும் ஒழுங்காக உருவாகும். காலை நீட்டி ஒட்டி வைத்தால் உருண்டை வெளியே வரப் பார்க்கும். ஜப்பான் இதுக்கு நல்ல சாட்சி. 1970களின் நடுப்பகுதியில் அங்கே குழந்தைகளின் காலை நீட்டிச் சுற்றிக் கட்டுற பழக்கத்துக்கு எதிராக நாடு தழுவிய பிரசாரம் நடந்தது. நூற்றுக்கு ஒன்றுக்கும் மேல, சில இடங்களில் மூன்றுக்கும் மேல இருந்த இடுப்பு விலகல், ஆயிரத்துக்கு இரண்டுக்கும் கீழ இறங்கியது. மருந்தும் இல்லை, ஒப்பரேஷனும் இல்லை. காலை மடிந்தபடி விட்டார்கள், அவ்வளவுதான்.

இப்ப அந்தப் பெட்டிப் படத்துக்குத் திரும்பி வாங்கோ. கவட்டுக்கு நடுவில் நாலு விரல் அகலத் துணி, அதில் முழுப் பாரமும், கால் இரண்டும் தொங்கல். அரை மணித்தியாலம் இப்படித் தொங்கினதால பிள்ளையின் இடுப்பு கழன்றுவிடும் எண்டு நான் பயமுறுத்த வரவில்லை. ஆனா மூட்டு உருவாகிற முதல் ஆறு மாதம், ஒவ்வொரு நாளும் மணித்தியாலக் கணக்காகப் பிள்ளையை இப்படி வைக்க ஒரு பையை ஏன் காசு குடுத்து வாங்க வேணும்? இடுப்பில் தூக்குறது பட்டிக்காட்டுப் பழக்கம், துணியால கட்டுறது வக்கில்லாத ஆக்களின் வேலை எண்டு பழித்தவைதான், அம்மம்மாவின் இடுப்புக்குத் தெரிந்த விஷயம்கூடத் தெரியாத ஒரு பையை இப்ப வாங்கி மாட்டினம்.

இதை வாசித்துவிட்டு "பாத்தீங்களா, எங்கட முன்னோர் எல்லாம் தெரிந்துதான் வைத்திருந்தார்கள்" எண்டு ஷெயார் பண்ண ஓட வேண்டாம். பழசு எண்டதால மட்டும் ஒண்டும் பாதுகாப்பாகிவிடாது. ஏணையை எடுங்கோ. வளையில் கட்டின ஏணையில் பிள்ளை படுக்கிற விதமும், இறந்த அந்தப் பிள்ளைகள் கிடந்த பையின் வடிவமும் கிட்டத்தட்ட ஒண்டுதான். அதே ஏணையைத் தோளில் மாட்டினால் எப்படியிருக்கும் எண்டு யோசியுங்கோ. சேலைத் தலைப்பால பிள்ளையை முகம் மூடக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் இருக்கிறதும் அதே ஆபத்துத்தான். ஆக, துணியா கரியரா எண்டது இல்லை கேள்வி. எப்படி வைக்கிறோம் எண்டதுதான்.

பிரித்தானியாவில் இதுக்கு ஐந்து விதி சொல்லிக் குடுக்கிறார்கள். பை இறுக்கமாக, பிள்ளை உடம்போடு ஒட்டியிருக்க வேணும். தளர்ந்தால் பிள்ளை சறுக்கிச் சுருண்டு போகும். குனிந்து பார்த்தவுடன் முகம் தெரிய வேணும். தலையைச் சாய்த்தால் உச்சியில் கொஞ்சக்கூடிய உயரத்தில் பிள்ளை இருக்க வேணும். நாடிக்கும் நெஞ்சுக்கும் இடையில் ஒரு விரல் அளவாவது இடைவெளி வேணும். முதுகு தாங்கப்பட வேணும். கையால முதுகை மெல்ல அழுத்திப் பார்த்தால் பிள்ளை நிமிரவும் கூடாது, உங்களோடு இன்னும் ஒட்டவும் கூடாது. இதைப் பார்க்க ஒரு நிமிடம் காணும். தமிழில் ஐந்து வரி. நான் கடைகளில் புரட்டிப் பார்த்த பெட்டிகளில் ஒண்டிலகூட இந்த ஐந்து வரியும் தமிழில் இல்லை.

இனி "வெளிநாட்டுச் சாமான், பிழைக்காது" எண்ட நம்பிக்கைக்கு வருவோம். ரொறன்ரோவிலிருந்து மாமி அனுப்பின கரியர் நல்லதாகத்தான் இருக்கும், கனடாவின் குளிருக்கு. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த பொலியஸ்டர் துணியில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் வவுனியா பஸ் நிலையத்தில் நின்றால் இரண்டு உடம்பின் சூடும் பிள்ளைக்குத்தான். எங்கட காலநிலைக்கு மெல்லிய பருத்தி, அல்லது காத்துப் போகிற வலைத்துணி. பிள்ளைக்கும் ஒரு மெல்லிய சட்டை போதும், கரியரே ஒரு உடுப்புக் கணக்கு.

பார்சலில் வருவது பாவித்ததாக இருந்தால் எந்த வருடத்துச் சாமான், அந்த மொடல் எப்பவாவது திரும்பப் பெறப்பட்டதா எண்டு கூகுளில் ஒருக்கா தேடுங்கோ. 10 இலட்சம் பை திரும்பப் பெறப்பட்டது எண்டால் 10 இலட்சமும் குப்பைக்குப் போனது எண்டு அர்த்தமில்லை. பக்கிள் வெடித்திருக்கா, தையல் விட்டிருக்கா எண்டும் பாருங்கோ. புதுசு வாங்கினால் அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப் 2236 அல்லது ஐரோப்பாவின் ஈஎன் 13209-2 எண்ட தர இலக்கம் இருக்கா, குறைந்த எடை எவ்வளவு போட்டிருக்கு எண்டு வாசியுங்கோ. பெரும்பாலான பக்கிள் கரியர்களில் அது மூன்றரைக் கிலோ அளவில் இருக்கும். இரண்டரைக் கிலோவில் பிறந்த பிள்ளைக்கு அது இன்னும் பெரிது.

காவுகிறவரின் உடம்பும் கணக்கில் வர வேணும். தோள்பட்டி மட்டும் உள்ள கரியரில் முழுப் பாரமும் கழுத்தில் இறங்கும். அகலமான இடுப்புப்பட்டி இருந்தால் பாரம் இடுப்பெலும்புக்குப் போகும். சிசேரியன் காயம் ஆறாத தாய்க்கு அந்தப் பட்டி எங்கே அழுத்தும் எண்டு கட்டிப் பார்த்துத்தான் வாங்க வேணும். கட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீங்கோ. காசு இல்லையா? நாலரை, ஐந்து மீற்றர் உறுதியான பருத்தித் துணியை, கட்டத் தெரிந்த ஒருவரிடம் பழகிக் கட்டினால், தொங்கல் கரியரைவிட ஆயிரம் மடங்கு நல்லது.

இந்த இடத்தில் இரண்டு குரல் வரும். முதலாவது: "தூக்கித் தூக்கிப் பழக்காதேங்கோ, பிறகு கையை விட்டு இறங்காது." 1986இல் மொன்றியலில் செய்து வெளியான ஆய்வொன்றில், வழமையைவிட நாளுக்குச் சில மணித்தியாலம் கூடத் தூக்கப்பட்ட பிள்ளைகள், அழுகை உச்சத்தில் இருக்கிற ஆறாவது கிழமையில் மற்றப் பிள்ளைகளைவிட 43 வீதம் குறைவாக அழுதார்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978இல் தொடங்கின கங்காரு முறையும் இதையே காட்டினது: எடை குறைந்த பிள்ளைக்குத் தாயின் நெஞ்சுச் சூடே வைத்தியம். தூக்கிறது செல்லம் குடுக்கிறது இல்லை.

இரண்டாவது குரல்: "ஆம்பிளை பிள்ளையைக் கட்டிக்கொண்டு திரியிறதோ?" ஓம், திரியட்டும். மோட்டார் சைக்கிள் ஓட, கல்லுச் சுமக்க, மூட்டை தூக்க இருக்கிற தோள், நாலு கிலோப் பிள்ளைக்கு மட்டும் வெட்கப்படுமா? இரண்டு பேரின் உடம்புக்கும் அளவு மாற்றக்கூடிய கரியரை வாங்குங்கோ. தாய்க்கு மட்டும் பொருந்துற கரியரை வாங்கினால், பிள்ளை தாயின் பாரம் மட்டும்தான் எண்டு கடையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி.

மோட்டார் சைக்கிள் எண்டதும் ஒண்டு சொல்ல வேணும். கரியரில் கட்டினால் பிள்ளை பத்திரம் எண்டு நினைத்துக்கொண்டு றோட்டில் போகிற கனபேரைப் பார்க்கிறோம். கரியர் நடக்கிறவர்களுக்குச் செய்த சாமான். விழுந்தால் நெஞ்சில் கட்டின பிள்ளைக்கு மேல் விழுவது உங்கட முழுப் பாரமும். மோட்டார் சைக்கிளை விட்டால் வேற வழியில்லாத குடும்பங்களை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனா கரியர் ஹெல்மட்டும் இல்லை, சீற் பெல்ட்டும் இல்லை. அடுப்படியில் எண்ணெய் கொதிக்கேக்கயும் அதைக் கழட்டி வையுங்கோ.

எல்லாத்தையும் தாய் தகப்பனின் தலையில் போட்டுவிட்டு முடிக்கவும் ஏலாது. பிள்ளைகளுக்கான சாமான் இறக்குமதியாகேக்க தரம் பார்க்கிற பொறுப்பு அரசுக்கு இருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையும் கட்டளைகள் நிறுவனமும் இருப்பது இதுக்கும்தான். குறைந்த எடை, வயது, மூச்சு பற்றிய எச்சரிக்கை, இவை தமிழிலும் சிங்களத்திலும் பெட்டிக்கு மேல் இருக்க வேணும். பிள்ளை நிறுக்கப் போகிற கிளினிக்கில், குடும்ப நல உத்தியோகத்தர் ஒரு பொம்மையை வைத்து அந்த ஐந்து விதியையும் பத்து நிமிடத்தில் காட்டிக் குடுக்கலாம். பால் குடுக்கிற விதத்தை அங்கேதானே சொல்லித் தருகிறார்கள்? காவுகிற விதத்தையும் சொல்லித் தரட்டும்.

அதுவரைக்கும் எங்கட கையில் இருக்கிறது கேள்விதான். அடுத்த முறை கடைக்காரர் "நல்லா ஓடுது" எண்டு சொன்னால், எத்தனை கிலோவிலிருந்து எண்டு கேளுங்கோ. முழங்காலிலிருந்து முழங்கால்வரைக்கும் தாங்குமா எண்டு கேளுங்கோ. அவருக்குப் பதில் தெரியாவிட்டால் அந்தப் பை அங்கேயே தொங்கட்டும்.