கப்பல் காத்திருக்காது

லாரி புக்கிங் ஆபீஸ் எத்தனை மணிக்கு மூடும் என்று தெரியாமல் சரக்குக் கட்டுபவர் நம்மில் எவருமில்லை. ஆனால் குடும்பத்துடன் உல்லாசக் கப்பலில் ஏறியதும் அந்தக் கணக்கை நாம் மறந்து விடுகிறோம். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் கப்பல்களில் நம் உறுப்பினர் குடும்பங்கள் கூட்டாகப் போய் வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் கரையில் இறங்கும் ஒரு பகலைச் செலவிடுவதில் இன்னும் சிக்கனம் தேவை என்று கருதுகிறோம்.

காலை 8 மணிக்குத் துறைமுகம் சேர்ந்து, மாலை 5 மணிக்குப் புறப்படும் கப்பலை எடுத்துக்கொள்வோம். கையில் 9 மணி நேரம் இருப்பதாக நினைப்பது தவறு. சோதனை முடிந்து இறங்க ஒரு மணி நேரம் போகும். புறப்பாட்டுக்கு ஒரு மணி முன்னரே அனைவரும் ஏறிவிடுவது நல்லது. வழியில் ஏற்படும் தாமதத்துக்கு இன்னொரு மணி ஒதுக்க வேண்டும். கழிவு போக நிகரம் 6 மணி நேரம்தான்.

பினாங்கில் இது தாராளமாகப் போதும். கப்பல் அணையும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனை ஒட்டியே இருக்கிறது. லிட்டில் இந்தியா, குயின் தெரு மாரியம்மன் கோயில், தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அனைத்தும் அருகருகே உள்ளவை. நம்மவர் தலைமுறைகளாகக் கடை விரித்த தெருக்கள் அவை. அதே பகலில் கெக் லோக் சி புத்தர் கோயில், மலை ரயில், பத்து ஃபிரிங்கி கடற்கரை என்று அடுக்கினால் பார்ப்பது டாக்சியின் உட்புறத்தை மட்டுமே.

புக்கெட்டில் கவனம் இன்னும் அதிகம் தேவை. தாய்லாந்து நேரம் சிங்கப்பூர், மலேசிய நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது. கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாதிருக்க, கரையில் செல்போன் தானாக மாறிவிடும். சென்ற பயணத்தில் நம் குழுவின் குடும்பம் ஒன்று, போன் 3 மணி காட்டுகிறதே என்று நிம்மதியாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தது. கப்பலிலோ மணி 4! வயதான அன்னையாரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு ஓடி, கடைசிப் படகைப் பிடித்தார்கள். படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிடும் கப்பலுக்குச் சிறு படகில்தான் திரும்ப வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் அக்டோபர் வரை கடல் கொந்தளித்தால் இறங்குவதே ரத்தாகலாம். ஆகவே தை முதல் பங்குனி வரையிலான மாதங்களே உகந்தவை.

சொந்தமாக டாக்சி பிடித்துப் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில், விசாவையும் கவனித்து, நாமே போய்ச் சேர வேண்டும். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் பொதுவாக அவர்களே பொறுப்பேற்பார்கள். கட்டணம் கூடுதல்தான். தூரத்து இடங்களுக்கு அதை இன்சூரன்ஸ் பிரீமியமாகவே கொள்ளலாம். அருகில் சுற்றுவதற்கு அந்தச் செலவு வீண்.

சங்கத்தின் அடுத்த பயணத்தில் துறைமுகத்துக்கு ஒரு பகுதி மட்டும் பார்ப்பது, கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைப்பது, பாஸ்போர்ட் நகலை உடன் வைத்திருப்பது என்ற மூன்றையும் விதியாக்க வேண்டும் என்பதே எமது கருத்து. இரண்டு இடம் குறைந்தால் நஷ்டமில்லை. குழுவில் ஒருவர் கரையில் நின்றுவிட்டால், மற்ற அனைவருக்கும் அந்தப் பயணம் கசந்துபோகும்.