பழைய திரையும் புதிய கணிப்பொறியும்

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு, விண்டோஸ் 10 என்னும் இயக்க முறைக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு முடிவுற்றது. அதற்கு அடுத்ததாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பு இல்லாத கணிப்பொறிகளைத் தகுதியுடையனவாகக் கொள்வதில்லை. ஆதலின் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பழைய கணிப்பொறிகள் பல அகற்றப்பட்டுப் புதியன இடம் பெற்று வருகின்றன. இதிற் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால், கணிப்பொறி மாறும்போது அதனோடு சேர்ந்து, மானிட்டர் என வழங்கும் திரையும், நல்ல நிலையிலிருக்கும்போதே கழிவுப் பட்டியலில் ஏறிவிடுவது வருந்தத்தக்கது. இவ்வழக்கத்திற்கு அறிவியல் முறையிலும் ஆதாரமில்லை. சிக்கன முறையிலும் ஆதாரமில்லை.

நிகழ்வது இதுதான். புதிய பெட்டி வந்து சேர்கிறது. பழைய திரையிலிருந்து வரும் கேபிளின் முனை நீல நிறமுடையது. மூன்று வரிசைகளில், வரிசைக்கு ஐந்தாக, பதினைந்து ஊசிகளுக்கு இடம் கொண்டது. இரு புறமும் திருகாணி உடையது. புதிய பெட்டியின் பின்புறத்தில் அதற்கு ஏற்ற போர்ட் இல்லை. “இந்த மானிட்டர் இதற்குச் சேராது” என்று, பொருத்த வந்தவர் ஒரே சொல்லில் முடித்து விடுகிறார். திரை பண்டக அறைக்குச் செல்கிறது. சில மாதங்கள் கழித்து, “காலங் கடந்தது” என்னும் குறிப்போடு பட்டியலிலும் சேர்கிறது. அதன் ஒளி குன்றவில்லை, நிறம் மாறவில்லை, எழுத்து மங்கவில்லை. பொருந்தாதது வாய் ஒன்றே. வாளியின் கயிறு குட்டையாயிற்று என்பதற்காகக் கிணற்றைத் தூர்ப்பவர் உண்டோ?

அந்த நீல முனைக்கு வி.ஜி.ஏ. என்று பெயர். 1987ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தனது பி.எஸ்./2 கணிப்பொறிகளோடு இதனை அறிமுகப்படுத்திற்று. அக்காலத்து மேசைத் திரைகள் படக்குழாயால் ஆனவை. குழாயினுள் பாயும் எலெக்ட்ரான் கற்றையின் வலிமையைக் கூட்டவும் குறைக்கவும், தொடர்ந்து மாறும் மின்னழுத்தமே ஏற்றதாயிருந்தது. ஆகவே சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கும் தனித்தனிக் கம்பிகள் அமைந்தன. ஒவ்வொரு கம்பியிலும் மின்னழுத்தம் சுழியிலிருந்து 0.7 வோல்ட் வரை ஏறியிறங்கும். ஏற்றத்திற்குத் தக்கவாறு அந்நிறம் ஒளிரும். ஒவ்வொரு வரியும் எப்போது தொடங்க வேண்டும், முழுப் படமும் எப்போது தொடங்க வேண்டும் என்பதை அறிவிக்க மேலும் இரு கம்பிகள் உள்ளன. இத்தகைய மின்சைகையை அனலாக் என்கிறோம்.

படக்குழாய் மறைந்து தட்டைத் திரை வந்த பின்னரும் இந்த ஏற்பாடு நீடித்தது. கணிப்பொறியினுள் படம் எண்களாகவே இருக்கிறது. தட்டைத் திரையும் எண்களையே வேண்டுகிறது. எனினும் கணிப்பொறி எண்ணை மின்னழுத்தமாக மாற்றி அனுப்ப, திரை அம்மின்னழுத்தத்தை மீண்டும் எண்ணாக மாற்றிக்கொண்டது. ஒரே மொழி பேசும் இருவர், இடையில் இரண்டு மொழிபெயர்ப்பாளரை அமர்த்திக்கொண்டு உரையாடியதை இஃது ஒக்கும். 2010ஆம் ஆண்டு டிசம்பரில் இன்டெல், ஏ.எம்.டி., டெல், லெனோவோ, சாம்சங், எல்.ஜி. ஆகிய நிறுவனங்கள், 2015ஆம் ஆண்டிற்குள் வி.ஜி.ஏ. முறையைத் தம் கணிப்பொறிகளிலிருந்து படிப்படியாக விலக்கப்போவதாக அறிவித்தன. தொழில் நோக்கில் அம்முடிவு சரியானதே. ஆனால், அவர்கள் விலக்கியது கணிப்பொறியிலிருந்து; மேசைகளின் மேலிருந்த திரைகளிலிருந்து அன்று. பள்ளிகளுக்குக் கணிப்பொறி வழங்கும் மத்திய அரசுத் திட்டம் 2004ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது என்பதை நினைவிற் கொண்டால், வி.ஜி.ஏ. காலத்துத் திரைகள் வகுப்பறைகளில் இன்றும் காணப்படுவதன் காரணம் விளங்கும்.

புதிய பெட்டியில் இருப்பவை எச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளேபோர்ட், யு.எஸ்.பி. டைப்-சி ஆகியவை. இவை முறையே 2002, 2006, 2014 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த தரங்கள். மூன்றும் எண் முறையில், அதாவது டிஜிட்டல் முறையில், சைகை அனுப்புவன. எனவே இவற்றையும் பழைய திரையையும் இணைக்கும் அடாப்டர், வடிவத்தை மாற்றும் வெறும் முனையாக இருத்தல் போதாது. எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் சில்லு ஒன்று அதனுள் இருத்தல் வேண்டும். ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ.யும் மறு முனையில் வி.ஜி.ஏ.யும் பொருத்தப்பட்டு, நடுவே சில்லு இன்றிக் கம்பி மட்டும் ஓடும் கேபிள்களும் கடைகளில் கிடைக்கின்றன. சாதாரணக் கணிப்பொறியோடு அவை பயன்படமாட்டா. விலை மலிவு கண்டு அவற்றை வாங்கிப் பார்த்து, படம் வராமற் போகவே, “திரைதான் பழுது” என்று முடிவு செய்வோர் பலர்.

இரண்டாவது இடறல் திசையைப் பற்றியது. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு மாற்றுவது ஒன்று, வி.ஜி.ஏ.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது வேறொன்று. பார்வைக்கு இரண்டும் உடன்பிறப்புக்கள் போல் இருப்பினும், ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று செய்யாது. புதிய கணிப்பொறிக்கும் பழைய திரைக்கும் வேண்டியது முதலாவது. கணிப்பொறியின் பக்கத்தை முதலிலும் திரையின் பக்கத்தை இறுதியிலும் சொல்லிக் கேட்கும் பழக்கம் இருப்பின், கடைக்காரர் தவறாக எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் நேராது. கொள்முதல் ஆணைகளில் “வி.ஜி.ஏ. – எச்.டி.எம்.ஐ. அடாப்டர்” என்று திசை குறியாமல் எழுதுவதே இத்தவற்றுக்கு வித்தாகிறது.

அடாப்டரிலுள்ள சில்லுக்கு மின்னூட்டம் வேண்டும். எச்.டி.எம்.ஐ. தரம், தனது 18ஆம் ஊசியின் வழியே 5 வோல்ட்டில் 55 மில்லி ஆம்பியர் அளவிற்கே உறுதி கூறுகிறது. சில கணிப்பொறிகள் அதற்கு மேலும் தருகின்றன, சில தருவதில்லை. படம் தோன்றித் தோன்றி மறையுமாயின், திரையைப் பழிக்குமுன் மின்னூட்டக் குறைவை ஐயுறல் வேண்டும். தனி மின்னூட்டத்திற்கென யு.எஸ்.பி. துளையுடைய அடாப்டர்கள் இதற்காகவே உள்ளன.

படம் வந்தும் எழுத்துக்கள் பருத்து மங்கலாகத் தோன்றுவது மற்றொரு முறையீடு. தனக்கு ஏற்ற புள்ளிகளின் எண்ணிக்கை யாது என்பதைத் திரை தானே கணிப்பொறிக்கு அறிவிக்கும் ஏற்பாடு உண்டு. 128 பைட் அளவுள்ள இச்சிறு குறிப்புக்கு இ.டி.ஐ.டி. என்று பெயர். வி.ஜி.ஏ. கேபிளில் 12, 15 ஆகிய ஊசிகள் இக்குறிப்பைக் கொண்டு செல்கின்றன. மலிவான கேபிள்களில் இவ்வூசிகள் இல்லாமலே போவதுண்டு. அப்போது கணிப்பொறி, எத்திரைக்கும் ஆகும் என்ற எண்ணத்தில் 1024×768 போன்ற ஓர் அளவைத் தேர்ந்துகொள்கிறது. 17 அங்குலச் சதுரத் திரைகள் பலவற்றிற்கு உரிய அளவு 1280×1024; அதனைக் கணிப்பொறியின் அமைப்பிற் சென்று கையால் தேர்ந்தெடுத்தால் எழுத்துத் தெளியும். பின்னர்த் திரையிலுள்ள ‘ஆட்டோ’ பொத்தானை ஒருமுறை அழுத்தினால் படம் சட்டத்துள் ஒழுங்காக அமரும். அளவு சரியானதா என அறிய ஆசிரியர்கள் திரையில் ஒரு வட்டம் வரைந்து பார்க்கலாம். அது முட்டை வடிவாகத் தோன்றினால் அளவு பொருந்தவில்லை என்பது பொருள். இடையே ஒன்று: 9ஆம் ஊசி இல்லாத கேபிளைக் கண்டு உடைந்ததென எறிய வேண்டுவதில்லை. அவ்விடத்தை வெறுமையாக விடுதல் பழைய வழக்கமே.

நிறம் மாறித் தோன்றும் திரைகளே மிகுதியாகக் கழிக்கப்படுபவை எனலாம். ஆயின் அவற்றுட் பல, கேபிளின் முனையில் ஓர் ஊசி வளைந்ததனால் மட்டுமே அவ்வாறு தோன்றுவன. முதல் மூன்று ஊசிகள் முறையே சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கு உரியவை. வெள்ளைப் பக்கம் மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் வந்து சேரவில்லை. கத்தரிப்பூ நிறமாகத் தெரிந்தால் பச்சை வரவில்லை. பசுநீலமாகத் தெரிந்தால் சிவப்பு வரவில்லை. வளைந்த ஊசியை நுண்ணிய இடுக்கியால் நிமிர்த்தினால் திரை மீண்டும் வெண்மை பெறும். ஒளியின் முதல் நிறங்கள் கூடி வேறு நிறங்கள் பிறப்பதைப் பாடநூற் படத்தைக் கொண்டு விளக்குவதினும், இத்தகைய ஒரு பழைய கேபிளைக் கொண்டு விளக்குவது மாணவர் மனத்தில் நன்கு பதியும். கழிவுப் பட்டியலுக்குப் போகவிருந்த பொருள் பௌதிக வகுப்பிற்குக் கருவியாவது சிறிய இலாபம் அன்று.

வெள்ளை நிற டி.வி.ஐ. போர்ட் உடைய திரைகளை வைத்திருப்போர் நற்பேறு பெற்றவர். 1999இல் வந்த அத்தரமும் எண் முறையில் அனுப்ப வல்லது, எச்.டி.எம்.ஐ.யின் மொழியும் அதன் மொழியும் ஒன்றே. ஆகவே சில்லு இல்லாத எளிய கேபிளே போதும், திசைத் தொல்லையும் இல்லை, படமும் தெளிவு. ஒரே திரையில் வி.ஜி.ஏ., டி.வி.ஐ. ஆகிய இரண்டும் இருந்தால் டி.வி.ஐ.யைத் தேர்தலே அறிவுடைமை. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து பிறவற்றுக்கு மாற்றும் அடாப்டர்களும் எளிதிற் கிடைக்கின்றன. அவையும் ஒரு திசையினவே. டைப்-சி மட்டும் எச்சரிக்கைக்கு உரியது. அந்த வாய் இருப்பதனாலேயே அதன் வழியாகப் படம் வரும் என்று கொள்ளலாகாது. மின்னூட்டத்துக்கும் கோப்பு மாற்றத்துக்கும் மட்டும் அமைந்த டைப்-சி வாய்கள் பல. கணிப்பொறியின் விவரத் தாளில் ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ என்ற குறிப்பைக் கண்ட பின்னரே அடாப்டர் வாங்குதல் நன்று.

ஒலியையும் மறந்துவிடலாகாது. எச்.டி.எம்.ஐ. படத்தோடு ஒலியையும் சுமந்து செல்லும், வி.ஜி.ஏ.க்கு ஒலி இல்லை. அடாப்டரைப் பொருத்தியதும் வகுப்பறையில் பாடம் ஊமையாகிவிட்டால், கணிப்பொறியின் அமைப்பில் ஒலி செல்லும் வழியை ஒலிபெருக்கிக்கு மாற்றினால் தீர்ந்தது.

அடாப்டர் என்பது ஒட்டுப் போட்ட வேலை. அரசு அலுவலகத்திற்கு அழகன்று என்று எதிர்வாதம் கூறுவோர் உண்டு. அவ்வாதத்தில் உண்மை அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. நாள் முழுதும் எண்களையும் வரைபடங்களையும் உற்று நோக்கும் பணியாளருக்கு, அனலாக் வழியே வரும் சற்று மங்கிய எழுத்துக் கண்ணுக்குச் சோர்வு தரும். அவருக்குப் புதிய திரை அளிப்பதே முறை. பழைய படக்குழாய்த் திரைகளைக் காப்பாற்ற முயல்வதும் வேண்டாத வேலை. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் குழாய்த் திரை கண்ணுக்குத் துடிப்பதாகத் தோன்றும். மின்சாரமும் மிகுதியாக இழுக்கும். ஆனால் வருகைப் பதிவு, பண்டகக் கணக்கு, மாணவர் பயிற்சி ஆகியவற்றுக்கு 17 அங்குலத் தட்டைத் திரை ஒன்றில் என்ன குறை? ஒரு கணிப்பொறியைச் சுற்றி மூன்று நான்கு மாணவர் நெருங்கி நின்று, ஒருவர் தட்டச்சு செய்ய மற்றவர் பார்த்திருக்கும் பள்ளியில், பழைய திரைகளை வைத்துக்கொண்டு திரைக்கான பணத்தைக் கணிப்பொறிகளுக்குச் செலவிட்டால், விசைப்பலகையைத் தொடும் கைகள் பெருகும். அழகு பற்றிய வாதம் அங்கே நிற்காது.

விதிகளும் இக்கருத்துக்கு மாறாக இல்லை. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 217ஆம் விதி, ஒரு பொருள் துறைக்குப் பயன்படாதாயின் அதனை மிகுதியானது, காலங் கடந்தது, பயன்படாதது என அறிவிக்க இடந்தருகிறது. அவ்வாறு அறிவிப்பதற்கான காரணத்தைப் பதிவு செய்யவும் பணிக்கிறது. “புதிய கணிப்பொறியில் போர்ட் இல்லை” என்பது திரை பயன்படாது என்பதற்குக் காரணமாகுமா? அடாப்டர் வைத்துப் பார்த்தும் பயனில்லை என்ற சோதனைக் குறிப்பு இன்றி அக்காரணத்தை ஒப்புக்கொள்ளலாகாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், கழிக்கப்படும் பொருள்கள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர வேண்டும் என்னும் நோக்கம் கொண்டவை. ஆயினும் பழைய திரைகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதை அறிய விரும்புவோர் தில்லியின் சீலம்பூரையும் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தையும் பற்றி வெளிவந்த செய்திகளைப் படித்தால் போதும். படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் உண்டு. பழைய தட்டைத் திரைகளின் விளக்குக் குழாய்களில் பாதரசம் உண்டு. அவற்றை வெறுங்கையால் பிரிப்போர் அதற்கு ஈடாகப் பெறுவது சில ரூபாய்களே.

அலுவலகத் தலைவர்கள் செய்யக்கூடியது எளிது. கணிப்பொறிக்கான வேண்டுகோள் தாளை அனுப்புமுன், இருப்பிலுள்ள திரைகளை ஒருவர் பார்வையிட்டு, எந்தத் திரையில் எந்தப் போர்ட் உள்ளது என எழுதிக்கொள்ள வேண்டும். பின்னர், “எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு மாற்றும் அடாப்டர், தனி மின்னூட்டத் துளையுடன், இத்தனை” என்ற ஒரு வரியை அதே தாளிற் சேர்த்துவிடலாம். தேவைக்கு மேல் இரண்டொன்று கேட்டாலும் தவறில்லை. வந்த அடாப்டர் ஒவ்வொன்றையும் அதற்குரிய திரையின் கேபிளோடு நாடாவால் கட்டி, திரையின் இருப்பு எண்ணையே அதற்கும் எழுதுதல் வேண்டும். இல்லையேல் கோடை விடுமுறை முடிந்து அறையைத் திறக்கும்போது திரை இருக்கும், அடாப்டர் இராது.