மஜ்ஜை மாறியது, மாத்திரையை நிறுத்தலாமா?

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய் என்றால் முதலில் போவது திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்குத்தான். ஸ்டெம் செல் மாற்று தேவை என்றால் சிலர் வேலூர் சி.எம்.சி. வரை போகிறார்கள். அங்கே 1986 முதல் இச்சிகிச்சை நடக்கிறது. நகையை அடகு வைத்து, தம்பியோ தங்கையோ மஜ்ஜை கொடுத்து, உயிரை மீட்டுக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அப்படி மீண்டவரை ஓரிரு ஆண்டு கழித்து ஹெப்படைட்டிஸ் பி தாக்கக்கூடும் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது.

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளங்களோடு காலம் கழித்தவன். தண்டவாளத்தைப் புதுப்பித்த உடனே வண்டியை முழு வேகத்தில் விடமாட்டோம். காஷன் ஆர்டர் போட்டு, பாதை இறுகும் வரை வேகத்தைக் குறைத்தே வைப்போம். புது மஜ்ஜையும் அப்படித்தான்.

இந்த வைரஸ் ஒருமுறை உடம்பில் நுழைந்தால், நோய் ஆறிய பிறகும் ஈரல் செல்களுக்குள் உறங்கிக் கிடக்கும். நம் எதிர்ப்புச் சக்திதான் அதற்குக் காவல். கீமோதெரபியும் மஜ்ஜை மாற்றும் அந்தக் காவலையே கலைத்துவிடுகின்றன. ரிட்டுக்சிமாப் போன்ற மருந்து சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

இதில் ஒரு விசித்திரம். அமெரிக்க விஞ்ஞானி பாரூக் பிளம்பெர்க் 1965-ல் இந்த வைரஸின் மேலுறைப் புரதத்தைப் பற்றி எழுதியபோது, இரத்தப் புற்றுநோயாளிகளிடம் காணப்படும் ஒரு புதிய பொருள் என்றே குறிப்பிட்டார். அது வைரஸ் என்பது பின்னர்தான் தெளிந்தது. 1976-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

காமாலை என்றால் நம் பக்கத்தில் உடனே கீழாநெல்லிதான். அதை நான் பழிக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், அதே பிளம்பெர்க்குடன் சேர்ந்து 1988-ல் லான்செட் இதழில் நல்ல பலன் கண்டதாக எழுதினார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்ததாம். ஆனால் பிற இடங்களில் செய்த சோதனைகள் அதை உறுதி செய்யவில்லை. மஜ்ஜை மாற்றியவருக்கு என்டெகாவிர், டெனோஃபோவிர் மாத்திரைக்குப் பதிலாகக் கீழாநெல்லி கொடுப்பதை நான் ஒப்பமாட்டேன்.

சிகிச்சை தொடங்கும் முன்பே இரண்டு சோதனை கேளுங்கள். எச்.பி.எஸ்.ஏ.ஜி. மட்டும் போதாது, கோர் ஆன்டிபாடியும் பார்க்க வேண்டும். முதலாவது ‘நெகடிவ்’ என்று வந்தும் இரண்டாவது ‘பாசிடிவ்’ ஆக இருந்தால் வைரஸ் பதுங்கியிருக்கலாம் என்று பொருள். மஜ்ஜை கொடுப்பவருக்கும் இந்தச் சோதனை வேண்டும்.

என் உண்மையான மனக்குறை இதற்குப் பிறகுதான் வருகிறது. டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில், உள்ளூர் டாக்டர் பேசுவது மலையாளத்தில், வீட்டில் பேச்சு தமிழில். “புற்றுநோய்தான் போயிற்றே, இந்த மாத்திரை எதற்கு?” என்று யாரோ ஒரு உறவினர் சொல்வார், மாத்திரை நின்றுபோகும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் நின்ற பிறகும் குறைந்தது ஓராண்டு, சிலருக்கு ஒன்றரை ஆண்டு, அந்த மாத்திரை தொடர வேண்டும். நிறுத்தும் நாளைச் சிகிச்சை செய்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நிறுத்திய பிறகும் இரத்தச் சோதனை உண்டு. எல்லையோர ஆஸ்பத்திரிகள் இந்த ஒரு வரியையாவது தமிழிலும் எழுதிக் கொடுத்தால் என்ன? 1956-ல் கோடு போட்டவர்கள் நம் மொழியைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்விடவில்லையே. அதுவரை சங்க இளைஞர்கள் சீட்டைப் படித்து, ஃபைல் அட்டையின் மேலேயே தமிழில் எழுதிக் கொடுக்கலாம்.

செலவு பெரிதல்ல. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி அரசு மையங்களில் ஹெப்படைட்டிஸ் பி-க்கு இலவச மருந்து தரப்படுகிறது, கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, தடுப்பூசி. சிறு வயதில் போட்டதன் பலன் மஜ்ஜை மாற்றத்தோடு பெரும்பாலும் போய்விடும். மருத்துவர் சொல்லும் மாதத்தில் மறுபடி மூன்று தவணை போட வேண்டும். குழந்தைகளுக்கான இந்த ஊசி நாடு முழுவதும் பரவியதே 2011-ஐ ஒட்டித்தான். ஆகவே நோயாளியின் வீட்டுப் பெரியவர்கள் பலர் ஒரு தவணைகூடப் போட்டிருக்கமாட்டார்கள். அவர்களும் போட்டுக்கொள்ளட்டும்.