மனத்துக்கு ஒரு காவல்

டிக்கோயாவில், காசல்றீ நீர்த்தேக்கத்தை நோக்கி நிற்கும் வார்லி ஆலயம் 1878இல் எழுந்தது. தோட்டத்துத் துரைமார் கூடி வழிபட்ட இடம் அது. அத்தகைய துரைமாரைக் கொண்டு 1900இல் அமைந்த தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையின் ஒரு பிரிவு 1914இல் எகிப்துக்கும், மறுவருடம் கலிப்பொலிப் போர்முனைக்கும் சென்றது.

போர்முனையில் உடலைக் காக்க அகழி உண்டு. அச்சமும் சினமும் மனத்துட் புகாமல் தடுக்க அகழி ஏது?

கிறித்தவ வீரருக்கு இதன் விடை பவுலடியார் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் உண்டு. பிலிப்பி, ஓய்வுபெற்ற உரோமப் படைவீரர் குடியேறிய நகரம். அடிகளோ காவலில் அடைபட்டிருந்தவாறே எழுதினார். இறைவனின் அமைதி உள்ளத்தைக் காக்கும் என்னுமிடத்தில், நகருக்குக் காவற்படை நிறுத்துவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே அவர் ஆண்டார்.

எந்தப் பாசறையிலும் ஒருவனே இராமுழுதும் காவல் நிற்பதில்லை. முறை மாற்றி நிற்பர். வீரர் சிறு குழுவாய்க் கூடிச் செபிப்பதன் பயனும் இதுவே. ஒருவன் மனம் தளரும்போது மற்றவன் விழித்திருக்கிறான்.

மனத்தை அடக்கி நடத்துவதை வள்ளுவரும் அறிவுடைமையில் வைத்தார். ஆயினும் அதனைத் தனியொருவன் கடமையென்றே நாம் எண்ணிவிடுகிறோம். சோதனைக்கு அஞ்சும் மாணவனும், கடனை நினைந்து கலங்கும் தந்தையும் ஒரே கூரையின்கீழ்த் தனித்தனியே போராடுகின்றனர்.

மாலை விளக்கேற்றியதும் பத்து நிமிடமேனும் இல்லத்தார் ஒருங்கே அமர்ந்து இறைவனை வணங்குவோம். மனத்திலுள்ளதை ஒருவருக்கொருவர் சொல்லுவோம். காவல் மாற ஆளுண்டு என்று அறிந்தவனே அமைதியாய் உறங்குவான்.