பெருகிய வாசகர், இருண்ட திரை

தம்புள்ளையில் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்த மூன்று நாட்களும் எனது இணையத்தளம் திறக்கவில்லை. வாசகர் தொகை பெருகியதே குற்றமாம்! மாதத்துக்கு இவ்வளவு தரவுதான் என்னும் வரம்பு, ஒப்பந்தத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்திருக்கின்றது. விற்பனை கூடியதென்று அச்சியந்திரத்தை நிறுத்திய பத்திரிகையை நான் கண்டதில்லை.

இடம் தந்த நிறுவனத்தை மட்டும் நொந்து பயனில்லை. யாகூ 1999இல் வாங்கிய ஜியோசிட்டீஸை 2009 ஒக்டோபரில் மூடியது. இலவச இடமென்று நம்பி அங்கு குடியேறிய தமிழ் ஆர்வலர்களும் உண்டு. தம்மிடம் பிரதி வைத்திராதோருக்கு, தன்னார்வலர்கள் அவசரமாக நகலெடுத்த அளவே மிஞ்சியது.

இங்கிருந்து மாத்தளைக்குச் செல்லும் வீதியில் அளுவிகாரை இருக்கின்றது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட இடம் அதுவென்பர். அங்கிருந்த நூலகம் 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அழிந்தது. திரிபிடகம் அழியவில்லை, பர்மாவிலும் சயாமிலும் பிரதிகள் இருந்தன. 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தின் ஒற்றைப் பிரதி ஏடுகளுக்கு அந்த வாய்ப்பு வாய்க்கவில்லை. அதனை நேரில் அறிந்த தலைமுறையினராகிய நாமே நமது எழுத்தை ஒரே வழங்கியில் விட்டுவைக்கின்றோம் என்பதுதான் வியப்பு.

தளத்தின் முகவரியையேனும் உங்கள் பெயரில் பதிந்து வையுங்கள். முகவரி நம்முடையதாயின், பிரதியை எடுத்துக்கொண்டு வேறிடம் பெயரலாம், வாசகர் வழிதவறார். எனது முகவரியோ அந்நிறுவனத்தின் பெயரில் இருக்கின்றது. மீட்பதற்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலாக, அடுத்த ஆண்டுக்கான கட்டணச் சீட்டு வந்திருக்கின்றது.