சாவி ஒருநாள் திருடு போகும்னு நினைச்சுதான் பூட்டு செய்யணும்

2023 ஜூனில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் மெயில்களை வேறு யாரோ படிப்பது தெரியவந்தது. போனவை சுமார் 60,000 மெயில்கள். செய்தது சீனாவைச் சேர்ந்த ஹேக்கர் குழு என்றது மைக்ரோசாஃப்ட். அவர்கள் யாருடைய பாஸ்வேர்டையும் உடைக்கவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் ரகசியச் சாவி ஒன்று அவர்கள் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

‘இவர் லாகின் செய்தவர்தான், உள்ளே விடு’ என்று கையெழுத்துப் போடும் டிஜிட்டல் சாவி அது. அது கிடைத்தால் யார் பெயரிலும் அனுமதிச் சீட்டு அடிச்சுக்கலாம். தனிநபர் கணக்குகளுக்கான அந்தச் சாவி, ஒரு குறைபாட்டால் அலுவலக மெயிலையும் திறந்துவிட்டது.

சாவி திருடு போனதுகூட எனக்கு ஆச்சரியமில்லை. அது 2016இல் உருவாக்கிய சாவி என்பதுதான் உறுத்துகிறது. ஏழு வருஷம்! இத்தகைய சாவிகளை அங்கே ஆட்கள் கையால்தான் மாற்றிவந்தார்கள். அந்த வேலையால் ஒருமுறை கிளவுட் சேவை பெரிதாக முடங்க, 2021இல் மாற்றுவதையே நிறுத்திவிட்டார்கள். இதையெல்லாம் சொன்னது 2024இல் வந்த அமெரிக்க அரசின் ஆய்வுக் குழு அறிக்கை. சாவி எப்படி வெளியே போனது என்பது அப்போதும் உறுதியாகத் தெரியவில்லை.

‘சாவியைப் பத்திரமா வைங்க’ என்ற அறிவுரை மட்டும் போதாது. லாக் ஃபைலில், கிட்ஹப்பில், வேலையை விட்டுப்போனவரின் லேப்டாப்பில் என்று அது எங்காவது கசியும். கசிந்தால் எவ்வளவு போகும் என்பதை முன்கூட்டியே சுருக்கி வைக்க வேண்டும். சிக்னலும் வாட்ஸ்அப்பும் இதைச் செய்கின்றன. ஒவ்வொரு செய்திக்கும் புதுச் சாவி, பழையது அழிந்துவிடும். இன்றைய சாவியைத் திருடியவர், போன வாரம் வழியில் பிடித்துவைத்த செய்தியைத் திறக்க முடியாது. (போனையே அன்லாக் செய்து கொடுத்தால் வேறு கதை.)

கையெழுத்துச் சாவிக்கு வழி வேறு: குறுகிய ஆயுள், தானாக மாறும் ஏற்பாடு, சாவியை வெளியே விடாமல் உள்ளேயே கையெழுத்திடும் தனி ஹார்டுவேர். தொழில்நுட்பம் புதிதல்ல. ‘ஓடுற வண்டியை ஏன் தொடணும்’ என்ற தயக்கம்தான் தடை. மாற்றும்போது சர்வர் விழுந்தால் திட்டு இன்றைக்கே விழும். மாற்றாமல் விட்டதற்கான விலை எப்போதோதான் வரும், அதுவும் வேறொருவர் தலையில்.

ஐடியில் இருக்கிறீர்களா? உங்கள் புரொடக்‌ஷன் சாவியை இன்று ராத்திரியே மாற்றணும்னா எத்தனை மணி நேரமாகும் என்று டீமில் கேட்டுப் பாருங்கள். ‘அது ஒருத்தருக்குத்தான் தெரியும், அவர் லீவு’ என்று பதில் வந்தால், நாளைய முதல் வேலை அதுதான்.