நகையை ஏலம் விடுபவருக்கு லைசென்ஸ் உண்டா? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஏலங்கள் சொல்லும் கதை

ராஜபாளையத்தில் நகைக்கடன் கிளைகளுக்குப் பஞ்சமில்லை. ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட் பார்ப்பவர், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணிக்குத் தறி ஓட்டுபவர், பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய அம்மா என எல்லாருக்கும் அவசரத்துக்குக் கைகொடுப்பது வீட்டில் இருக்கும் நாலு பவுன்தான். தவணை தப்பினால் நோட்டீஸ் வரும். அதையும் தவறவிட்டால் ஒருநாள் பேப்பரின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் கடன் எண்களின் பட்டியல் வரும். "ஏலத்துல போயிடுச்சாம்" என்பதோடு வீட்டில் அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

எவ்வளவுக்குப் போனது, கடன் போக மிச்சம் எவ்வளவு என்று கேட்பவர்களே குறைவு. ஏலத்தை நடத்தியவர் யார், அவருக்கு அந்த வேலை செய்ய யார் அனுமதி கொடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் கிடைக்கும் பதில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இந்தியாவில் ஏலம் விடுபவருக்கென்று நாடு முழுவதற்குமான பொது உரிமம் இல்லை, தேர்வு இல்லை, தொடர்கல்வியும் இல்லை. ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் வேண்டும், மருந்துக் கடையில் பார்மசிஸ்ட் இருக்க வேண்டும். ஆனால் ஒரு குடும்பத்தின் பத்து வருஷச் சேமிப்பை ஒரே காலையில் விலை பேசி முடிப்பவருக்கு அப்படி எதுவும் தேவையில்லை.

சட்டம் யாரைப் பார்க்கிறது?

இருக்கிற சட்டங்கள் ஏலத்தைத்தான் பேசுகின்றன, ஏலம் விடுபவரை அல்ல. 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-வது பிரிவுதான் அடிப்படை. சுத்தியல் தட்டியதும் விற்பனை முடிந்தது. அதற்கு முன்னால் கேட்டவர் தன் கேள்வித்தொகையைத் திரும்பப் பெறலாம். முன்கூட்டியே சொல்லாமல் விற்பவர் தானே ஆள் வைத்து விலையை ஏற்றக் கூடாது. அதற்கும் முந்தைய 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 176-வது பிரிவு, அடகுப் பொருளை விற்கும் முன் நியாயமான நோட்டீஸ் தர வேண்டும், விற்றதில் மிச்சம் இருந்தால் அடகு வைத்தவருக்குத் தர வேண்டும் என்கிறது. சுத்தியல் பிடிக்கும் கை யாருடையது என்பதைப் பற்றி இரண்டிலும் ஒரு வரி கிடையாது.

தமிழிலும் இதற்கு ஒரு நிலையான சொல் அமையவில்லை. 'ஏலதாரர்' என்றால் சில விளம்பரங்களில் ஏலம் விடுபவர், சில விளம்பரங்களில் ஏலம் எடுப்பவர். படிப்பவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

கோர்ட்டு ஏலத்தில் என்ன நடக்கிறது?

ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயில், பால்கோவாவைத் தாண்டி இந்த ஊருக்கு இன்னொரு அடையாளம் உண்டு. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் இயங்குவது மாவட்டத் தலைநகரில் அல்ல, இங்கேதான். கடன் வழக்கில் தீர்ப்பான பிறகு வீடு, நிலம் ஏலத்துக்கு வரும்போது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-வது ஆணைப்படி ஏலம் நடக்கும்.

நீதிமன்ற ஊழியரோ, நீதிமன்றம் நியமிக்கும் வேறொருவரோ ஏலத்தை நடத்தலாம். அவருக்கும் தனித் தேர்வு எதுவும் இல்லை. ஆனால் அவரைச் சுற்றி வேலி போடப்பட்டிருக்கிறது. விற்பனையில் கடமை உள்ள அதிகாரி நேரடியாகவோ பினாமியாகவோ ஏலம் கேட்கக் கூடாது. அசையாச் சொத்தை ஏலம் எடுத்தவர் உடனடியாக 25 சதவீதம் கட்ட வேண்டும், மீதியை 15 நாளுக்குள் கட்ட வேண்டும். அதன் பிறகும் சொத்து கைமாறிவிடாது. கடனாளி 60 நாளுக்குள் ஏல அறிவிப்பில் உள்ள கடன் தொகையையும், ஏலத்தொகையில் 5 சதவீதத்தையும் கட்டி ஏலத்தை ரத்து செய்யக் கோரலாம். முறைகேடு நடந்தது என்றும் மனு போடலாம். எல்லாம் முடிந்து நீதிபதி உறுதி செய்தால்தான் விற்பனை செல்லும்.

ஆக, ஏலம் விடுபவருக்கு லைசென்ஸ் இல்லாவிட்டாலும் அவர் தலைக்கு மேல் ஒரு நீதிபதி இருக்கிறார்.

ராஜபாளையம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இதே வேலையை வேறு விதமாகச் செய்கிறார்கள். இந்தக் கூடங்களில் பருத்தி போன்ற விளைபொருளுக்கு மறைமுக ஏலம் வழக்கம். வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள், இப்போது இ-நாம் வழியாக ஆன்லைனிலும் கேட்கலாம். கத்திக் கூவி விலை ஏற்ற ஆளே தேவையில்லை என்பதால் அவரது தகுதி பற்றிய கேள்வியும் எழுவதில்லை. உரிமம் வாங்க வேண்டியவர் வியாபாரி. மேற்பார்வை விற்பனைக் குழுவுடையது.

நகைக்கடன் ஏலம் மட்டும் ஏன் வேறு?

இங்கே கடன் கொடுத்தவரே ஏலத்துக்கு நாள் குறிக்கிறார், அவரே ஏலம் விடுபவரையும் தேர்ந்தெடுக்கிறார். வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருந்த விதி, நிறுவனத்தின் இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்த ஏலம் விடுபவர் வழியாகத்தான் நகையை விற்க வேண்டும் என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'அங்கீகரிக்கப்பட்டவர்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், அங்கீகரித்தது பெரும்பாலும் கடன் கொடுத்த அதே கம்பெனிதான். அரசோ, தேர்வு வாரியமோ அல்ல. ஒரு கம்பெனி புகாரின் பேரில் ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்கினால், அடுத்த கம்பெனிக்கு அது தெரியவர பொதுப் பதிவேடு எதுவும் இல்லை.

இது வெறும் சந்தேகம் அல்ல. 2024 செப்டம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, நகைக்கடன் கொடுக்கும் நிறுவனங்களில் கண்ட குறைகளை வரிசைப்படுத்தியது. தவணை தவறியவர்களின் நகையை ஏலம் விடும்போது வெளிப்படைத்தன்மை இல்லை என்பது அதில் ஒன்று.

அதற்கடுத்து 2025 ஜூன் 6 அன்று தங்கம், வெள்ளி அடகுக் கடனுக்கான புதிய வழிமுறைகள் வந்தன. 2026 ஏப்ரல் 1-க்குள் அமலாக்க வேண்டும் என்று கெடு. ஏலம் பற்றிய பகுதி முக்கியமானது. கடனாளிக்குப் போதிய நோட்டீஸ் தர வேண்டும். குறைந்தது இரண்டு நாளிதழ்களில் விளம்பரம், அதில் ஒன்று உள்ளூர் மொழியில். குறைந்தபட்ச விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. இரண்டு முறை ஏலம் போணியாகாவிட்டால் மட்டும் 85 சதவீதம். முதல் ஏலம் கிளை இருக்கும் மாவட்டத்திலேயே நடக்க வேண்டும். அது தோற்றால்தான் பக்கத்து மாவட்டத்துக்கோ ஆன்லைனுக்கோ போகலாம். ராஜபாளையம் கிளையில் வைத்த செயின் முதல் ஏலத்திலேயே தென்காசிக்கோ மதுரைக்கோ போகக் கூடாது என்று அர்த்தம். கடன் கொடுத்த நிறுவனமும் அதனுடன் தொடர்புடையவர்களும் ஏலம் கேட்கக் கூடாது. மிச்சப் பணம், ஏலத்தொகை முழுதாக வந்து சேர்ந்த 7 வேலை நாளுக்குள் கடனாளி கைக்கு வர வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நகையின் இன்றைய மதிப்பு 1 லட்சம் ரூபாய், வட்டியோடு பாக்கி 78,000 ரூபாய் என்று வைப்போம். ஏலம் 90,000-க்குக் கீழே தொடங்கவே முடியாது. அந்த விலைக்கே போனாலும் 12,000 ரூபாய் கடனாளிக்குத் திரும்பி வர வேண்டும். ஏலத்தில் நல்ல போட்டி இருந்து 96,000-க்குப் போனால் 18,000. இந்த 6,000 ரூபாய் வித்தியாசம் யார் கையில் இருக்கிறது? எத்தனை பேரை வரவழைத்தார், நகையை எவ்வளவு நேரம் பார்க்க விட்டார், பத்து நகையை ஒரே லாட்டாகக் கட்டினாரா தனித்தனியாக விட்டாரா, வந்தவர்கள் முன்கூட்டியே சிண்டிகேட் பேசிக்கொண்டு வந்திருப்பதைக் கவனித்தாரா என்பதையெல்லாம் ஏலம் விடுபவரே அங்கே முடிவு செய்கிறார். ஊரில் பழைய நகை வாங்கும் வியாபாரிகள் ஒருவரையொருவர் நன்றாகவே அறிவார்கள்.

பக்கத்து மாவட்டத்தில் ஏலக்காய்க்கு லைசென்ஸ்

விசித்திரம் என்னவென்றால், உரிமம் பெற்ற ஏலம் விடுபவர் என்ற ஏற்பாடு இந்த ஊர்களுக்கு வடமேற்கே தேனி மாவட்டத்திலேயே இருக்கிறது. போடிநாயக்கனூரில் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கிறது. 1987-ம் ஆண்டு ஏலக்காய் உரிம, சந்தைப்படுத்தல் விதிகளின்படி, ஏலக்காயை ஏலம் விட வேண்டுமானால் நறுமணப் பொருட்கள் வாரியத்திடம் உரிமம் வாங்க வேண்டும். மூன்று ஆண்டு காலத்துக்குக் கொடுப்பார்கள், அது முடிந்ததும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். வாங்கும் வியாபாரிக்கும் உரிமம் தனி.

விவசாயியின் காய்க்குப் பணம் வராமல் போகக் கூடாது என்பதால் வந்த ஏற்பாடு அது. அங்கும் பரீட்சை கிடையாதுதான். ஆனால் தப்பு செய்தால் பிடுங்கிக்கொள்ள ஒரு காகிதம் வாரியத்தின் கையில் இருக்கிறது. ஏலக்காய் மூட்டைக்கு இருக்கிற இந்தக் காவல் தாலிச் செயினுக்கு இல்லை.

தொடர்கல்வி எதற்கு?

ஏலம் விட என்ன படிப்பு வேண்டியிருக்கிறது என்று தோன்றலாம். மேலே சொன்ன விதிகளையே பாருங்கள். நிதி நிறுவனங்களுக்குப் பல ஆண்டுகளாக இருந்த குறைந்தபட்ச விலை, 22 கேரட் தங்கத்தின் முந்தைய 30 நாள் சராசரி விலையில் 85 சதவீதம். அதைப் பழகியவர் இன்றும் அதே கணக்கைப் போட்டால் நேரடியாக நட்டப்படுவது கடனாளி. விதி மாறும்போது தொழில் செய்பவரும் படித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதற்குப் பெயர்தான் தொடர்கல்வி.

நம் நாட்டில் இது புதிதும் இல்லை. 2017-ம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஆக வேண்டுமானால் படிப்பு, அனுபவம், தேர்வு எல்லாம் வேண்டும். திவாலான கம்பெனியைக் கையாளும் நிபுணருக்கும் தேர்வு உண்டு, பிறகு தொடர்கல்வி மணி நேரக் கணக்கு உண்டு. சொத்துக்கு விலை சொல்பவர் பரீட்சை எழுதுகிறார். அதே சொத்தை ஏலத்தில் விற்பவருக்கு ஒன்றும் இல்லை.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். டெக்சஸில் 80 மணி நேர வகுப்பு, தேர்வு, உரிமம், புதுப்பிக்கத் தொடர்கல்வி என்று ஒரு வழி. கலிபோர்னியாவில் மாநில உரிமமே இல்லை. அதற்குப் பதில் 20,000 டாலருக்கு ஜாமீன் பத்திரம் கட்டி வைக்க வேண்டும். ஏமாந்தவர் அதிலிருந்து இழப்பீடு கேட்கலாம். இலங்கையிலும் ஏலம் விடுபவருக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே இருக்கிறது.

டெக்சஸ் மாதிரி இங்கே கொண்டுவந்தால் இன்னொரு சர்டிபிகேட் வியாபாரம் தொடங்கிவிடும் என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது. ஒருநாள் ஆன்லைன் வகுப்பு, கடைசியில் எல்லாருக்கும் பாஸ் என்று முடிந்த பயிற்சிகளை நாம் பார்க்காததா? நகை ஏலத்துக்கு உடனடியாகப் பொருந்துவது கலிபோர்னியாவும் போடியும் கலந்த ஒன்று: எந்த ஏலத்தை யார் நடத்தினார் என்று பெயரோடு ஒரு பொதுப் பதிவேடு, ஒரு ஜாமீன் தொகை, விதி மாறும்போது ஒரு கட்டாயப் பயிற்சி. ரிசர்வ் வங்கியால் இதைக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் வழியாகவே செய்ய முடியும், புதுச் சட்டம் தேவைப்படாது.

இப்போதைக்கு கடனாளி என்ன செய்யலாம்?

அடகு வைக்கும் அன்றே வேலை தொடங்குகிறது. தரம் பார்க்கும்போது கடனாளி நேரில் இருக்க வேண்டும் என்பது புதிய விதி. எடை, கழிவு, தரம், மதிப்பு எழுதிய சான்றிதழும் நகையின் படமும் கடனாளிக்குத் தர வேண்டும். அதை வாங்கி போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் 'கல் எடை போச்சு' என்ற பேச்சு வரும்போது உதவும். மொபைல் எண் மாறினால் கிளையில் சொல்லிவிட வேண்டும். நோட்டீஸ் பழைய எண்ணுக்கும் பழைய முகவரிக்கும் போவதால் விவரம் தெரியாமலே நகையை இழப்பவர்கள் உண்டு.

ஏலம் முடிந்துவிட்டால் கிளையில் எழுத்துமூலமாகக் கேட்க வேண்டியவை: ஏலம் நடந்த நாளும் இடமும், குறைந்தபட்ச விலை எவ்வளவு, எவ்வளவுக்குப் போனது, ஏலம் விட்டவர் பெயர், மிச்சப் பணம் எங்கே. 30 நாளில் பதில் இல்லை அல்லது சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேனிடம் ஆன்லைனில் இலவசமாகப் புகார் செய்யலாம்.

தெருமுனை அடகுக் கடைக்கு இந்த வழி பொருந்தாது. அங்கே 1943-ம் ஆண்டு தமிழ்நாடு அடகுக் கடைக்காரர் சட்டம்தான், கடைக்காரருக்கு உரிமம் தருவது தாசில்தார், புகாரும் அங்கேதான் போக வேண்டும். அந்தச் சட்டப்படி நகையைப் பொது ஏலத்தில்தான் விற்க வேண்டும். கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு உருக்கிவிட முடியாது. அடகு வைத்தவர் கேட்டால் விற்பனைப் பதிவேட்டைக் காட்டவும் வேண்டும். தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வைத்த நகை என்றால் கூட்டுறவுத் துறைதான் இடம்.